இடது கால் ஒட்டிய எண்ணெய்ப் போத்தல்

மூடியைத் திறக்காமலே மணக்கிற எண்ணெய் இது. கற்பூரமும் வேப்பெண்ணெயும் ஏதோவொரு மருந்துக்கடைக் களிம்பும் சேர்ந்த மணம். அலுமாரிக்குள் வைத்தேன், சேலையெல்லாம் மணந்தது. குசினி யன்னலில் வைத்தேன், சம்பலும் மணந்தது. இப்போது எழுதும் மேசையில் எனக்கு முன்னால் நிற்கிறது. போத்தலில் ஒட்டிய தாளில் மஞ்சள் நிறத்தில் ஒரு கால் அடையாளம். விரல்கள் தெளிவாக விழுந்திருக்கின்றன. சுண்டுவிரல் மட்டும் மற்றவற்றோடு கோபித்ததுபோல வெளியே விலகி நிற்கிறது. அந்தச் சுண்டுவிரலைக் கண்டதும் ஆளைத் தெரிந்துவிட்டது. அது உம்முடைய கால்.

மடத்துவெளியில் உம்முடைய கிணற்றடிக்குச் சீமெந்து போட்ட அன்று, அது காயமுதல் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடி நீர் பதித்த கால். மேசன் தலையில் கை வைத்தான். நீர் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "கிடக்கட்டும். நான் செத்தாப் பிறகு இங்கை ஒருத்தி இருந்தவள் எண்டு கோழியளுக்கெண்டாலும் தெரியட்டும்" என்றீர். கோழிகளுக்குத் தெரிந்ததோ என்னவோ, உம்முடைய தம்பியின் மகனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அடையாளத்தைப் படம் எடுத்து, மஞ்சள் பூசி, போத்தலில் ஒட்டி, கீழே "பரம்பரை மிதி வைத்தியம்" என்று அடித்திருக்கிறான். நீர் வாழ்நாள் முழுவதும் சனத்தின் நாரியில், பிடித்துப்போன இடுப்பில், வைத்தது வலது கால். போத்தலில் இருப்பது இடது. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

பரம்பரை என்ற சொல்லை வாசித்துவிட்டு நான் தனியே இருந்து சிரித்தேன். நீர் காலால் பிறந்தவர். பிள்ளை தலை முன்னாலே வராமல் கால் முன்னாலே வந்தால், எங்கள் தீவுகளில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை பிறவியோடு வந்துவிடும்: நாரிப்பிடிப்பு வந்தவர்களைக் குப்புறக் கிடத்தி, நாரியில் கால் வைப்பது. அதற்குப் படிப்பு வேண்டாம், விருப்பமும் வேண்டாம். பிறந்த விதம் போதும். இதில் பரம்பரை எங்கே வருகிறது? உம்முடைய தம்பி மகன், அந்த மருமகன் பிறந்த அன்று அவன் தாய்க்குக் கோப்பி கொண்டுபோனவள் நான். சத்திரசிகிச்சை செய்து வயிற்றால் எடுத்த பிள்ளை அவன். காலாலும் வரவில்லை, தலையாலும் வரவில்லை.

நீர் கண்ணை மூடி இரண்டு மாரி கழிந்துவிட்டது. அதற்குள் இவ்வளவும்.

எனக்கு ஞாபகம் வருகிறவர் அந்த ஓய்வுபெற்ற விதானையார், ஒருகாலத்தில் ஊருக்கு அதிகாரி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கதிரை தனக்கென்று நினைக்கிற மனிதர். நீர் தனியாகத் தோட்டம் செய்வதைப் பார்த்து, "பொம்பிளைக்கு இவ்வளவு வாயும் ஆகாது, இவ்வளவு மண்வெட்டியும் ஆகாது" என்று சந்தியில் நின்று கதைத்தவர். ஒருநாள் அவர் காரில் வந்தார். உம்முடைய ஒழுங்கை ஒரு காருக்கே காணாது. திருப்ப இடமில்லாமல், படலை வாசலுக்கு உள்ளே நீர் நட்டிருந்த கத்தரிக் கன்றுகளுக்கு மேலால் பின்னுக்கு எடுத்தான் சாரதி. கிணற்றடியில் நின்று உம்மோடு கதைத்துக்கொண்டிருந்த என்னை விட்டுவிட்டு, மண்வெட்டியோடு போனீர்.

"ஆர் வாகனத்தை உள்ளுக்கு விடச் சொன்னது?"

"பிள்ளை, எனக்கு நாரி நிமிர்த்த ஏலாது" என்றார் அவர், கார் யன்னலுக்குள்ளால்.

"என்ரை கத்தரிக்கும் இனி நிமிர ஏலாதுதான். இறங்குங்கோ ஐயா. காரைச் சந்திக்கு அனுப்புங்கோ. நீங்களும் சந்திக்குப் போய், அங்கையிருந்து நடந்து வாங்கோ. அப்பதான் கால் வைப்பன்."

"இதென்ன புதுச் சட்டம்?"

"காலாலை பிறந்தவளட்டைக் காலாலைதான் வரோணும். வாகனத்திலை வந்தால் பலிக்காது."

அந்த நிமிடத்தில், நசிந்த கத்தரிக் கன்றுகளைப் பார்த்த கோபத்தில் நீர் உண்டாக்கிய சட்டம் அது. அதற்கு முன் அப்படியொன்று எங்கேயும் இருக்கவில்லை. மனிதர் முனகி முனகி இறங்கினார். சாரதியின் தோளைப் பிடித்தபடி சந்திவரை போனார். திரும்பி வரும்போது பாதித் தூரத்தில் தோளை விட்டுவிட்டு, கையை வீசி நடந்து வந்தார். சாக்கை விரித்துக் குப்புறக் கிடத்தினீர். கோழிக்குஞ்சின்மேல் வைப்பதுபோல வலது காலை வைத்தீர், எடுத்தீர்.

"எழும்புங்கோ."

எழும்பினார். "பாத்தியோடா, கால் பட்ட உடனை விட்டுட்டுது!" என்று சாரதியிடம் சொன்னார்.

அவர் போன பிறகு, வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் சிரிக்கிற அந்தச் சிரிப்போடு என்னிடம் சொன்னீர்: "டீச்சர், உவர் ஒரு பொம்பிளையின்ரை சொல்லுக்குக் கிடந்ததும் இண்டைக்குத்தான், எழும்பினதும் இண்டைக்குத்தான்."

எங்கள் ஊரில் தெரியாமல் கால் முட்டுப்பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அந்த ஊர்தான் உமக்கு முன்னால் வரிசையாகக் குப்புறக் கிடந்தது. கோயில் தலைவர் கிடந்தார். பள்ளிக்கூட அதிபர் கிடந்தார். உம்மைக் கல்யாணம் கேட்டு வந்து, தோட்டம் செய்கிற கை கரடு என்று சொல்லிவிட்டுப் போன ஆளும் ஒருநாள் கிடந்தார். அவருக்கு மட்டும் கொஞ்சம் பாரமாக வைத்தீர் என்று நினைக்கிறேன். கேட்டபோது, "கால் வழுக்கினது" என்றீர்.

விதானையார் வந்து போன மறுநாள் நான் உமக்கு விஞ்ஞானம் விளங்கப்படுத்த வந்தேன். வாழ்நாள் முழுவதும் அதைச் செய்து பழகிய வாய், சும்மா இருக்குமா? நீர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர். முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன, இடையில் ஒவ்வொரு மெத்தை இருக்கிறது, அந்த மெத்தை நுங்குச் சுளை மாதிரி வெளியே தோலும் உள்ளே வழுவழுப்புமாக இருக்கிறது என்றேன். குனிந்து பாரம் தூக்கும்போது சிலருக்கு அந்தத் தோல் ஒரு பக்கம் பிதுங்கி, பக்கத்தில் போகிற நரம்பில் முட்டும். அப்போது நோவு காலுக்கு இறங்கும். அதுவும் கனபேருக்குக் காலப்போக்கில் தானாகச் சுருங்கிவிடும். ஆனால் நாரியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நரம்பில் ஒன்றும் முட்டுவதில்லை. தசை பயந்து இறுகிப்போய் நிற்கிறது. கிடக்கக் கிடக்க இன்னும் இறுகும், நடக்க நடக்க இளகும். மாரி முழுவதும் ஓடாமல் சாத்தி வைத்த சைக்கிளை எடுத்துப் பாரும், கடல் காற்றுக்குச் செயின் எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அதுபோலத்தான்.

"அப்ப என்ரை கால்?" என்று கேட்டீர்.

"அது ஒரு சாட்டு. கோவத்திலை நீர் ஒரு சட்டம் போட்டீரே, நடந்து வா எண்டு. மருந்து அதுக்குள்ளைதான் இருக்கு."

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர். "சாட்டோ, சட்டமோ, இந்தக் காலுக்கு ஊர் குப்புறக் கிடக்குது. உம்மடை விஞ்ஞானத்துக்கு ஆர் கிடந்தவை?" பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "உதைச்சுச் சுகமாகுமெண்டால் நெடுந்தீவுக் குதிரையளை எல்லாம் டாக்குத்தராக்கலாம்" என்றீர்.

உமக்கு உம்முடைய காலில் நம்பிக்கை இருந்ததில்லை. அதனால்தான் உம்மை நம்பலாம் என்று எனக்குப் பட்டது. என்னிடம் படித்து வைத்தியரான ஒருவர் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது, உம்மிடமும் கூட்டிக்கொண்டு வந்தேன். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, "தம்பி, நானும் உங்கடை தொழில்தான். போட்டிக்கு நிக்கிறன்" என்றீர். அவர் சிரிக்கவில்லை.

"அன்ரி, வாறவையிலை கனபேருக்கு நீங்கள் கால் வைச்சாலும் ஒண்டுதான், வையாட்டியும் ஒண்டுதான். அதிலை பிழையில்லை. ஆனால் சிலபேர் வருவினம். அவையிலை மட்டும் வையாதையுங்கோ."

"ஆர் அவை?"

அவர் சொல்லச் சொல்ல, நீர் விரலில் தொட்டுத் தொட்டுக் கேட்டீர். விழுந்த பிறகு வந்த நோ. காய்ச்சலோடு வந்த நோ. காரணமில்லாமல் உடம்பு மெலிந்துகொண்டு போகிறவர், முந்திப் புற்றுநோய் வந்தவர். எப்படிக் கிடந்தாலும் ஆறாமல் நித்திரையால் எழுப்புகிற நோ. இவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். "கடைசியா ஒண்டு" என்றார். "கால் சோர்ந்து போனால், சைக்கிள் சீற்றிலை படுகிற இடம் மரத்துப் போனால், முட்டினாலும் சலம் கழிக்க ஏலாட்டில், அண்டைக்கே பெரியாஸ்பத்திரி. விடிய அனுப்புவம் எண்டும் நினையாதையுங்கோ. பிந்தினால் காலும் திரும்பாது, சலமும் கட்டுக்குள்ளை வராது."

நீர் ஒரு முறை திருப்பிச் சொல்லிக் காட்டினீர். ஒன்றும் விடவில்லை. அடுத்த நாளிலிருந்து அது உம்முடைய சடங்கின் ஒரு பகுதியாகிவிட்டது. வந்தவரைக் கிழக்கே பார்க்க நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்பீர். அது மந்திரத்தில் சேர்ந்தது என்று சனம் நினைத்தது. வைத்தியரிடம் போனால் பொய் சொல்லுகிறவர்கள்கூடக் கிழக்கே பார்த்து உம்மிடம் உண்மை சொன்னார்கள். "நேரை கேட்டால் ரோசம் வரும் டீச்சர். கிழக்கை பாக்க விட்டால் பயம் வரும்" என்று எனக்கு விளக்கம் வேறு.

பிறகு அந்த நெடுந்தீவுக்காரர் வந்தார். கடல்தொழில் செய்கிறவர், கழுத்தில் சிலுவை. வள்ளத்தில் இயந்திரம் தூக்கியபோது பிடித்த நாரி என்றார். குறிகட்டுவானில் படகால் இறங்கி, பஸ்ஸில் சந்திக்கு வந்து, உம்முடைய சட்டப்படி அங்கிருந்து நடந்து வந்தார். படலையில் இன்னும் சிலபேர் காத்துக்கொண்டு நின்றார்கள். நீர் அவருடைய நாரியைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தீர்.

"தம்பி, உம்மடை மற்றச் செருப்பு எங்கை?"

அவர் குனிந்து பார்த்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது ஒழுங்கையின் நடுவில், வெகு தூரத்தில் கிடந்தது.

"கழண்டதே தெரியேல்லை அக்கா."

உம்முடைய முகம் மாறியதை நான் கண்டேன். என்னைக் கிணற்றடிக்குப் போகச் சொல்லிவிட்டு அவரிடம் ஏதோ கேட்டீர். கிழக்கே நிறுத்தவுமில்லை, கண் மூடச் சொல்லவுமில்லை. அடுத்த நிமிடம் உம்முடைய குரல் கிணறு வரை கேட்டது. "டீச்சர்! சந்தியிலை நிக்கிற வானைக் கூப்பிடச் சொல்லும்!"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் கால் வைப்பியள் எண்டுதானே கடல் கடந்து வந்தனான்?"

"இது என்ரை காலுக்குரியதில்லை."

"சும்மா ஒருக்கா..."

"சும்மா ஒருக்கா வைக்க நான் என்ன கோயில் மணியோ, வந்த ஆளெல்லாம் அடிச்சுப் பாக்க? ஏறும் வானிலை."

காத்து நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "உவவுக்குச் சக்தி குறைஞ்சு போச்சு" என்று ஒருவர் கேட்கத்தக்கதாகவே சொன்னார். நீர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. உம்முடைய வளவுக்குள் நீரே கூப்பிட்டு விட்ட ஒரேயொரு வாகனம் அந்த வான். மீண்டும் நட்டு, காய் பிடித்து நின்ற கத்தரிகளுக்கு மேலால் அது வந்து, அவற்றுக்கு மேலாலேயே பின்னுக்குப் போனது. பின்னால் நின்று வழி சொன்னவன் உம்முடைய மருமகன். வான் போன பிறகு நசிந்த காய்களைக் கடகத்தில் பொறுக்கினீர். "இண்டைக்குக் கத்தரிக்காய்க் கறிதான்" என்றீர்.

அந்த மனிதர் சில மாதம் கழித்து ஒரு பை நண்டோடு வந்தார். சந்தியிலிருந்து நடந்து வந்தார். காலில் இரண்டு செருப்பும் இருந்தன.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான் உம்முடைய மருமகன். பார்த்ததில் அவனுக்கு விளங்கியது வளவுக்குள் வாகனம் விடலாம் என்பது மட்டும். கத்தரி நின்ற இடம் முழுவதும் இப்போது கல் பதித்து, வாகனம் நிறுத்தும் இடமாகிவிட்டது. குளிரூட்டிய அறை, சுழலும் கதிரை, சுவரில் உம்முடைய பெரிய படம், மாலை. சீமெந்தில் பதிந்த காலைச் சுற்றிக் கம்பி அடித்துப் பூ வைத்திருக்கிறான். ஓட்டோக்காரரைப் பிடித்து, நோயாளிகளை வீட்டுவாசலில் ஏற்றி அறைவாசலில் இறக்க ஒழுங்கு செய்திருக்கிறான். நீர் நடக்க வைத்தீர். அவன் ஒரு அடியும் நடக்க விடுவதில்லை. எண்ணெயைப் பூசிவிட்டு, "கிழமைக் கணக்கிலை அசையாமல் கிடவுங்கோ" என்கிறான். அசையாமல் கிடந்து இறுகிப்போய்த் திரும்பி வந்தால், இன்னொரு போத்தல்.

அவனை மட்டும் குறை சொல்லி என்ன? வருகிறவர்களைப் பாரும். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்தவர்கள், அங்கே எடுத்த ஸ்கான் படங்களைக் கல்யாண அல்பம் மாதிரி விரித்துக் காட்டுகிறார்கள். "டிஸ்க் விலகிட்டுது" என்கிறார்கள், ஏதோ குசினித் தட்டிலிருந்து பீங்கான் விலகினமாதிரி. எங்கள் வயதில் எவரைப் படம் எடுத்தாலும் அந்த மெத்தைகள் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். தலைமயிர் நரைத்திருக்கிறது, அதனால்தான் தலையிடிக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிக்க மாட்டோமா? படத்தில் தேய்வு இருப்பதும் நோவுக்கு அதுதான் காரணம் என்பதும் வேறு வேறு. நான் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த வார்ப்பட்டியைத் தட்டிக் காட்டி, "டீச்சர், இது கனடாப் பெல்ட்" என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

இனித்தான் மலரின் கதை. நீர் பார்த்திருக்கிறீர், இறுப்பிட்டியில் என் வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறவள், என்னிடம் படித்தவள். புருஷன் ரவி ஓட்டோ ஓடுகிறான். தண்ணீர்க் கான் தூக்கியபோது அவளுக்கு நாரி பிடித்து, நோ வலது காலுக்கு இறங்கியது. ரவி தன் ஓட்டோவிலேயே உம்முடைய மருமகனிடம் கொண்டுபோனான். அவனுக்குக் கிடைக்கிற ஓட்டம் முழுவதும் அங்கேதானே. போத்தல் வந்தது. கிடை என்ற கட்டளையும் வந்தது. "கிடவாதை பிள்ளை, கொஞ்சங் கொஞ்சமா நட" என்று போகிற நேரமெல்லாம் சொன்னேன். "ஓம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கிடந்தாள்.

ஒரு காலை, சட்டை ஒன்று தைக்கக் கொடுக்கப் போனேன். படலையிலேயே இந்த எண்ணெய் மணத்தது. மலர் என்னைக் கண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். "இருங்கோ டீச்சர், ஒருக்கா வெளியிலை போட்டு வாறன்" என்று நடந்தாள். வலது செருப்பு கழன்று பாய்க்குப் பக்கத்திலேயே நின்றது. அவள் போய்க்கொண்டிருந்தாள்.

"மலர், செருப்பு."

திரும்பித் தன் காலைப் பார்த்தாள். அந்த நெடுந்தீவுக்காரர் பார்த்த அதே பார்வை.

"இஞ்சை வா. வெக்கப்படாமல் சொல்லு. சைக்கிள் சீற்றிலை படுகிற இடம் மரத்துக் கிடக்கோ?"

"ஓம் டீச்சர். நேற்றையிலை இருந்து. கிடந்து கிடந்துதான் மரத்ததாக்கும் எண்டு நினைச்சன்."

"சலம் போகுதோ?"

"முட்டுது, போகுதில்லை. இப்பவும் அதுக்குத்தான் எழும்பினனான்."

அந்த நேரம் பார்த்து ரவி உள்ளே வந்தான். "வெளிக்கிடு மலர். அண்ணை இண்டைக்குக் கால் வைக்கிறாராம். நல்ல நேரம் முடியமுதல் போகோணும்."

"ரவி, ஓட்டோவைப் பெரியாஸ்பத்திரிக்கு விடு" என்றேன்.

அவன் விழித்தான். கைத்தொலைபேசியை எடுத்து உம்முடைய மருமகனிடம் சொன்னான். என்னிடமும் நீட்டினான்.

"வணக்கம் டீச்சர். பயப்பிடாதையுங்கோ. அடைபட்ட நரம்பு விடுபடேக்கை மரக்கும். எங்கடை எண்ணெய் வேலை செய்யுதெண்டதுக்கு அதுதான் அடையாளம். கொண்டு வாங்கோ, ஒரு மிதியிலை எழுப்பிவிடுறன். மாமியின்ரை கால் எங்களிட்டை இருக்கு."

"உன்ரை மாமியின்ரை கால் சீமெந்திலை இருக்கு. அவவின்ரை வாய் என்னட்டை இருக்கு. நெடுந்தீவாளை ஏத்தின வானுக்கு அண்டைக்குப் பின்னாலை நிண்டு வழி சொன்னவன் நீ. கத்தரியை நசிச்சு ஏன் அந்த வானை உள்ளுக்கு விட்டவ எண்டு ஒருநாளும் யோசிச்சனியோ?"

மறுபக்கத்தில் யாரையோ உள்ளே கூப்பிட்டான். பிறகு, "அது வேறை, இது வேறை டீச்சர்" என்றான். நான் தொலைபேசியை ரவியிடம் கொடுத்தேன்.

ரவி அசையவில்லை. "அண்ணை கோவிப்பார் டீச்சர். எனக்கு ஓட்டம் தாறது அவர்தானே."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் விளங்காத பிள்ளைக்குக் கத்தினால் இன்னும் விளங்காது, அது எனக்குத் தெரியும். "ரவி, உன்ரை ஓட்டோவிலை பிறேக் வயர் அறுந்துகொண்டு போகுது எண்டு வைப்பம். மேலாலை எண்ணெய் பூசிக்கொண்டு ஓடுவியோ, கராச்சுக்குக் கட்டி இழுப்பியோ?"

"கட்டி இழுப்பன்."

"மலருக்கு அந்த வயர்தான் இப்ப அறுந்துகொண்டு போகுது. முழுக்க அறுந்தால் கராச்சுக்காரனாலும் ஏலாது."

அவன் மலரைப் பார்த்தான். பாய்க்குப் பக்கத்தில் தனியே நின்ற செருப்பைப் பார்த்தான். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதி கடந்து, வேலணை கடந்து, மண்கும்பான் கடற்கரை ஒரு பக்கமாகப் போக, ஒவ்வொரு பள்ளத்துக்கும் மலர் என் கையை நெரித்தாள். "டீச்சர், என்ரை கால் போயிடுமோ?" என்று கேட்டாள். மெஷின் மிதிக்கிற கால் அது. "தெரியாது பிள்ளை. அது தெரியாததாலைதான் ஓடுறம்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? போகாது என்று சொல்ல நான் எண்ணெய் விற்கிறவளா?

அன்றே சத்திரசிகிச்சை செய்தார்கள். பிதுங்கிய மெத்தை நரம்புக் கட்டு முழுவதையும் நெரித்துக்கொண்டிருந்ததாம். இளம் வைத்தியர் ஒருத்தி வெளியே வந்து, "நல்லகாலம் இண்டைக்கே கொண்டு வந்தியள். ஆர் சொன்னது?" என்று கேட்டாள்.

"கத்தரித் தோட்டம் செய்த ஒருத்தி" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. உமக்கு விளங்கும்.

மலரின் சலம் முதலில் வழிக்கு வந்தது. கால் மெல்ல மெல்லத்தான் வந்தது. பெருவிரல் அசைந்த அன்று ரவி ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து குழந்தைபோல அழுதான். வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, இந்தப் போத்தலை என் கையில் தந்து, "எங்கையெண்டாலும் எறியுங்கோ டீச்சர்" என்றது. இதற்குப் பிறகாவது ஊர் திருந்தியிருக்கும் என்று நினைப்பீர். இல்லை. எண்ணெய் பூசி நரம்பை இளக்கி வைத்ததால்தான் சத்திரசிகிச்சை பலித்தது என்று உம்முடைய மருமகன் சொல்கிறான். கேட்டுத் தலையாட்டுகிறார்கள். வாகனம் நிறுத்த அங்கே இப்போதும் இடமில்லை.

ஆனால் போன கிழமை நடந்ததைக் கேளும். இதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன்.

பின்னேரம் மலர் தைத்த சட்டையைக் கொண்டு, நடந்து வந்திருந்தாள். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். படலையில் ஒரு கார் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளே உம்முடைய மருமகன், வளைந்து, ஒரு பக்கம் சரிந்து.

"டீச்சர், ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ. எனக்கு நாரி பிடிச்சுப்போட்டுது. உங்கடை டாக்குத்தர் மாணவனுக்கு ஒருக்கா சொல்லுவியளோ?"

"உன்ரை எண்ணெய்க்கு என்ன நடந்தது?"

அவன் நாரியைப் பிடித்துக்கொண்டு கார் சீற்றில் நெளிந்தான்.

"இறங்கு. காரைச் சந்திக்கு அனுப்பு. நீயும் சந்திக்குப் போய், அங்கையிருந்து நடந்து வா."

நடந்து வந்தான். முதலில் காலைப் பார்த்தேன். இரண்டு செருப்பும் இருந்தன. கிழக்கே பார்க்க நிறுத்தினேன். உம்முடைய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். விழுந்தாயோ, காய்ச்சலோ, மெலிந்தாயோ, மரத்ததோ, சலம் போகுதோ. எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னான். கேள்விகள் அவனுக்குப் பழக்கமானவை என்பது முகத்தில் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் கேட்காமல் விட்டிருக்கிறான்.

"உனக்கு ஒண்டுமில்லை. குளிர் அறைக்குள்ளை நாள் முழுக்கக் கதிரையிலை சுழண்ட நாரி வேறை என்ன செய்யும்? சூடு ஒத்தடம் குடு. தாங்க ஏலாட்டில் டாக்குத்தரைக் கேட்டு ஒரு குளிசை போடு. நட."

"அவ்வளவுதானோ டீச்சர்? ஆராவது ஒருக்கா கால் வைச்சால் மனதுக்கு ஒரு..."

நான் வாய் திறக்கமுதல் விறாந்தையிலிருந்து மலரின் குரல் வந்தது. "நான் வைக்கட்டோ அண்ணை?"

வலது செருப்பைக் கழற்றிவிட்டு, காலைக் கொஞ்சம் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டினாள். அவன் அந்தக் காலைப் பார்த்தான். பிறகு திரும்பி, ஒழுங்கையால் நடந்து போனான். நாளைக்கும் அவன் போத்தல் விற்பான், எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று சந்திவரை நடந்தான்.

நான் தலையால் பிறந்தவள். என் காலுக்கு ஒரு சக்தியும் இல்லை, அதைப் படம் எடுக்கவும் ஒருவரும் வரமாட்டார்கள். ஆனாலும் இப்போது சிலபேர் நாரியைப் பிடித்துக்கொண்டு என் படலைக்கு வருகிறார்கள். முதலில் செருப்பைப் பார்க்கிறேன். பிறகு கிழக்கே நிறுத்துகிறேன். உம்முடைய காலைக் கம்பிக்குள் வைத்துப் பூப்போடுகிறான் அவன். அந்த நெடுந்தீவுக்காரர்மேல் நீர் ஒருநாள் வைக்காமல் விட்ட கால்தான் எனக்குக் கிடைத்தது.

போத்தலை எறியவில்லை. எண்ணெய் அப்படியொன்றும் மோசமில்லை. கடல் காற்றுக்குத் துருப்பிடித்து, ஆள் வருகிற போதெல்லாம் கத்துகிற என் படலையின் கீல் பிணைச்சலுக்கு நாளைக்கு ஊற்றப் போகிறேன். அதற்குச் சுகம் வரும்.